குண்டுகளை எங்கே வைத்தார்கள்?



நான் தோட்டத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த காலம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள் காலையில், நாளிதழில் சுற்றிய பொட்டலம் ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தான். பிரித்துப் பார்த்தால் ஒரு டாங்கி. பிளாஸ்டிக்கில் செய்தது, ஒரு சாண் நீளம்கூட இல்லை. பட்டணத்தில் வேலை பார்த்த அவனுடைய மாமா தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த பெட்டி. துண்டு துண்டாக வந்ததை அவனே பசை போட்டு ஒட்டியிருந்தான். பீரங்கி மேலும் கீழும் அசைந்தது. மேலே இருந்த கோபுரம் சுற்றியது. வகுப்பே அவனைச் சூழ்ந்துகொண்டது.

நானும் பாராட்டினேன். ஆனால் பையனுடைய முகம் மலரவில்லை. கோபுரத்தைத் திருகிக் கழற்றி உள்ளே காட்டினான். உள்ளே ஒன்றுமே இல்லை. நாற்காலி இல்லை, ஆள் இல்லை, வெறும் தொட்டி. "சார், இதில் குண்டுகளை எங்கே வைத்தார்கள்?" என்று கேட்டான்.

"உள்ளே இருப்பது யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது, தம்பி? வெளியே அழகாக இருந்தால் போதாதா?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வரலாறு சொல்லிக் கொடுக்கிறவன் சொல்லக்கூடிய பதிலா அது? எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியாததை மறைத்தேன். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குள் எத்தனை பேருடைய உயிர் அடங்கியிருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கிற்று. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

டாங்கி என்றால் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஜப்பான் காலத்தைப் பற்றி நம் பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1942-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், விடிவதற்கு முன்பே, பேராக் மாநிலத்து ஸ்லிம் ரிவர் பக்கம் ஜப்பானிய டாங்கிகள் பெரிய சாலை வழியாகப் பாய்ந்து வந்தன. இருபுறமும் ரப்பர்த் தோட்டமும் காடும். எதிர்த்து நின்ற பிரிட்டிஷ், இந்திய, கூர்க்கா வீரர்களிடம் ஒரு டாங்கிகூட இல்லை. பொழுது விடிந்து சில மணி நேரத்திற்குள் ஸ்லிம் ஆற்றுப் பாலம் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. டாங்கியை எதிரில் நின்று பார்த்தவர்களுக்கு அது இரும்பு அசுரன். ஆனால் அந்த அசுரனுடைய வயிற்றுக்குள்ளும் மனிதர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஜப்பானியருடைய சிறிய டாங்கியில் மூன்று பேர். கொஞ்சம் பெரியதில் நான்கு பேர். அவர்களைச் சுற்றிலும் வெடிமருந்து.

டாங்கியின் உள்ளே எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க, அந்தப் போரில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட டாங்கிகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரின் ஷெர்மன். 1942 முதல் 1945 வரை 49,000-க்கும் மேற்பட்ட ஷெர்மன் வண்டிகளை அமெரிக்கத் தொழிற்சாலைகள் செய்து தள்ளின. முதன்முதலில் பெரிய போரில் அதை இறக்கியவர்கள் பிரிட்டிஷார். 1942 அக்டோபரில், எகிப்து நாட்டு எல் அலமெய்னில்.

ஐந்து பேர் ஏறும் வண்டி அது. முன்னால் இடப்பக்கம் ஓட்டுநர். வலப்பக்கம் அவருடைய உதவியாளர், இயந்திரத் துப்பாக்கி அவர் கையில். மேலே சுழலும் கோபுரத்தில் மூன்று பேர். பீரங்கிக்கு வலப்புறம் குறிபார்த்துச் சுடுபவர், அவருக்குப் பின்னால் தலைவர், இடப்புறம் குண்டு போடுபவர். ஒரு குண்டு என்றால் ஏதோ பந்து போல என்று நினைத்துவிடாதீர்கள். பித்தளைக் கூடும், அதன் முனையில் எஃகுத் தலையுமாக இரண்டு அடிக்கு மேல் நீளம். எடை ஏறக்குறைய 9 கிலோ. பித்தளைக் கூட்டுக்குள் மருந்து. அது எரிந்துதான் தலையை முன்னே தள்ளுகிறது. இப்படிப்பட்ட குண்டுகள் ஒரு வண்டியில் 90 அல்லது அதற்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், முக்கால் டன்னைத் தாண்டும். லயத்து வீட்டுச் சமையலறை அளவுகூட இல்லாத இடத்தில் ஐந்து ஆட்களையும் இத்தனை குண்டுகளையும் வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது? தாய்மார்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். மண்ணெண்ணெய் டின்னை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் எடுக்கக் கொள்ள வசதி. ஆனால் வைப்போமா? ஷெர்மனை வடிவமைத்தவர்கள் வசதியைத்தான் முதலில் பார்த்தார்கள். குண்டு போடுபவருடைய கை எட்டும் தூரத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள். அதில் நியாயமும் உண்டு; எவன் முந்திச் சுடுகிறானோ அவன் பிழைக்கிறான்.

புல்டோசரைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே டாங்கியும் இருபுறமும் இரும்புச் சங்கிலியின் மேல் ஓடுகிறது. ஷெர்மனின் உடல் அந்தச் சங்கிலிகளுக்கு மேலேயும் இருபுறமும் அகன்று நிற்கும். வீட்டுச் சுவரோரத்தில் திண்ணை இருப்பதுபோல. நான் இனி அதைத் திண்ணை என்றே சொல்கிறேன். முதலில் வந்த ஷெர்மன்களில் குண்டுகளில் பெரும்பகுதியை இந்தத் திண்ணைகளில் அடுக்கினார்கள். கோபுரத்தின் உள்சுவரைச் சுற்றியும் சில குண்டுகள் நின்றன. கை நீட்டினால் குண்டு, நல்ல வசதி. ஆனால் திண்ணைக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருந்தது 38 மில்லிமீட்டர் எஃகுச் சுவர். எதிரியின் குண்டு அதைத் துளைத்தால் நேராகப் போய் விழும் இடம் அந்த அடுக்குதான். காய்ச்சிய இரும்புத் துண்டு பித்தளைக் கூட்டைக் கிழித்ததும் உள்ளே இருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பதும் பற்றும். உள்ளே இருப்பவர்கள் மூடியைத் திறந்து வெளியே குதிக்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். பல பேருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஷெர்மன் எளிதில் தீப்பிடிக்கிறது என்ற பேச்சு படைகளில் பரவியது. வீரர்கள் பெட்ரோலைக் குறை சொன்னார்கள். பெட்ரோலில் ஓடுகிற வண்டி, அதனால்தான் எரிகிறது என்றார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் எதிரில் நின்ற ஜெர்மன் டாங்கிகளும் பெட்ரோலில்தான் ஓடின. எரிந்துபோன வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆராய்ந்தவர்கள் சொன்னது வேறு. பெரும்பாலான வண்டிகளில் தீ பிறந்த இடம் பெட்ரோல் தொட்டி அல்ல, குண்டு அடுக்கு.

என்ன செய்தார்கள்? முதலில் ஒட்டுப் போட்டார்கள். 1943-இல், திண்ணையில் குண்டு அடுக்கு இருக்கும் இடத்துக்கு நேராக, வெளிச்சுவரில் ஓர் அங்குலக் கனமுள்ள தகடுகளைப் பற்றவைத்தார்கள். வலப்பக்கம் இரண்டு தகடு, இடப்பக்கம் ஒன்று. ஏன் அப்படி? உள்ளே வலப்பக்கத் திண்ணையில் இரண்டு அடுக்கு, இடப்பக்கத்தில் ஒன்று. இந்தத் தகடுகளைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றிடம் திரும்பி வருவேன்.

1944-இல் வந்த புதிய ஷெர்மன்களில் குண்டுகளைத் திண்ணையிலிருந்து இறக்கி, வண்டியின் அடித்தரையில் பெட்டிகளில் வைத்தார்கள். அந்தப் பெட்டிகளைச் சுற்றிலும் தண்ணீரும், அது உறைந்துவிடாமல் காக்கும் ஒரு திரவமும் கலந்து நிரப்பினார்கள். குண்டுப் பெட்டி துளைபட்டால் தண்ணீர் கொட்டி, தீயை அணைக்கும் அல்லது தாமதப்படுத்தும் என்பது எண்ணம். 'ஈர அடுக்கு' என்று இதற்குப் பெயர். பழையது 'உலர் அடுக்கு'. 1945-இல் அமெரிக்கப் படை எடுத்த கணக்கு இது: உலர் அடுக்கு வைத்த ஷெர்மன் துளைபட்டால் 100-க்கு 60 முதல் 80 வரை எரிந்தன, ஈர அடுக்கு வைத்தவற்றில் 10 முதல் 15 வரைதான் எரிந்தன. தண்ணீரைவிட, குண்டுகள் கீழே இறங்கியதுதான் பெரிய காரணம் என்று ஆராய்ந்தவர்களில் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. மண்ணெண்ணெயை அடுப்பங்கரையிலிருந்து அப்புறப்படுத்தியதுபோலத்தானே அது?

ஒவ்வொரு படையும் இந்தக் கேள்விக்குத் தன் வழியில் விடை கண்டது. ரஷ்யரின் டி-34 டாங்கியில், 1941-ஐ ஒட்டி வந்த வகையில், 77 குண்டுகள். அவற்றில் சுவரோரம் கைக்கெட்டும்படி இருந்தவை 9. மற்றவையெல்லாம் தரையில் பெட்டிகளுக்குள். அந்தப் பெட்டிகளுக்கு மேலே ரப்பர் பாய். குண்டு போடும் ஆள் அந்தப் பாயின்மேல்தான் நிற்பார். சண்டை மும்முரத்தில் பாயைப் புரட்டி, பெட்டியைத் திறந்து, காலடியிலிருந்தே குண்டை எடுக்க வேண்டும். ரப்பர் என்றதும் நமக்குக் காது நிமிரும். அது எங்கிருந்து போன ரப்பர் என்று கேட்டுவிடாதீர்கள். ரஷ்யர்கள் செயற்கை ரப்பரும் செய்துகொண்டிருந்தார்கள்.

பிரிட்டிஷார் செய்தது இன்னொன்று. ஷெர்மனில் தங்களுடைய நீண்ட பீரங்கியைப் பொருத்தினார்கள். 17 பவுண்டர் என்று அந்தப் பீரங்கிக்குப் பெயர். வண்டியை 'மின்மினி' என்று பொருள்படும் ஃபயர்ஃபிளை என்ற பெயரால் அழைத்தார்கள். அந்தப் பீரங்கியின் குண்டு மிக நீளமானது. வைக்க இடம் போதவில்லை. ஆகவே முன்னால் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த ஓட்டுநரின் உதவியாளரையே எடுத்துவிட்டார்கள். அவர் இருந்த இடத்தில் குண்டுகள் உட்கார்ந்தன. கோபுரத்துக்குள் இருந்த வானொலிக் கருவியும், பீரங்கி பின்னுக்குப் பாய இடம் வேண்டுமென்று, கோபுரத்தின் பின்புறம் வெளியே பொருத்திய பெட்டிக்குப் போயிற்று. ஆக, ஃபயர்ஃபிளையில் நான்கே பேர். அதன் மாதிரியைச் செய்து, முன்னால் இரண்டு நாற்காலி போட்டு வைத்தால், அது வரலாற்றுப் பிழை. சின்ன நாற்காலிதான், ஆனால் அந்த இடத்தில் ஆள் இல்லை, குண்டு இருந்தது.

இனி அந்தப் பையன் கொண்டுவந்த பெட்டிக்கு வருவோம். உள்ளே ஏன் வெறும் தொட்டியாக இருந்தது?

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது ஜப்பானில் ஷிஸுவோக்கா என்ற நகரத்தில் தொடங்குகிறது. 1945 ஜூன் மாதம் அமெரிக்க விமானங்கள் எரித்த நகரம் அது. அடுத்த ஆண்டு, 1946-இல், யோஷியோ தாமியா என்பவர் அங்கே மரம் அறுக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். 1951-இல் அது தீக்கிரையாயிற்று. பிறகு மரத்தில் கப்பல் மாதிரிகளும் வண்டி மாதிரிகளும் செய்வதையே முழுத் தொழிலாக்கிக்கொண்டார்கள். 1960-இல் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். முதலில் செய்த போர்க்கப்பல் மாதிரி விலைப் போட்டியில் தோற்றது. யோஷியோவின் மகன் ஷுன்சாகு தாமியாவுக்கு அப்போது வயது இருபத்தைந்தை ஒட்டித்தான். அடுத்து அவர்கள் எடுத்தது ஜெர்மன் பாந்தர் டாங்கி.

அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மாதிரி என்றால் அது ஓட வேண்டும். ஆகவே பாந்தரின் வயிற்றுக்குள் சிறிய மின்மோட்டாரும் பாட்டரிகளும் வைத்தார்கள். பாட்டரி எவ்வளவு பெரியதோ அதற்கு ஏற்றபடி டாங்கியின் உடல் அமைந்தது. பின்னால் அளந்து பார்த்தபோது, உண்மை டாங்கியில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்காக இருந்தது. சரி, அடுத்த டாங்கியும் அதே அளவில் இருக்கட்டும் என்றார்கள். பிறகு மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றின. உலகம் முழுவதும் டாங்கி மாதிரிகள் பெரும்பாலும் 35-இல் ஒரு பங்காக இருப்பதற்குக் காரணம் பாட்டரிதான் என்றால் நம்புவீர்களா?

ஷெர்மன் மாதிரியும் இதே வழியில் வந்தது. ஆட்கள் உட்கார்ந்த இடத்தில் பாட்டரி. குண்டு இருந்த இடத்தில் மோட்டாரின் பல்சக்கரம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மாதிரிகள் பலவற்றில் திண்ணைக்கு அடித்தரையே கிடையாது. வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், சங்கிலிக்கு மேலே ஓட்டை. அதன் வழியாக உள்ளே கை விடலாம். எந்தத் திண்ணையில் குண்டுகள் அடுக்கியிருந்தனவோ, எந்த இடம் துளைபட்டு ஆயிரக்கணக்கான வண்டிகள் எரிந்தனவோ, சரியாக அந்த இடத்தில் மாதிரியில் காற்று இருந்தது.

ஆனால் வெளியே பாருங்கள்! வலப்பக்கம் இரண்டு தகடு, இடப்பக்கம் ஒன்று. அந்தத் தகடுகளை மட்டும் ஒழுங்காக அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். பையன் அவற்றை ஒட்டியிருந்தான். நானும் பார்த்தேன். அலங்காரம் என்று நினைத்தேன். அந்த மூன்று தகடும் 'இதற்கு நேர் உள்ளேதான் குண்டு இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தன. கேள்விக்குப் பதில் பொம்மையின் வெளிச்சுவரிலேயே ஒட்டியிருந்தது; எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

தாமியா குடும்பத்தாரை இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. ஷுன்சாகு தாமியா 1960-களிலேயே அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து அபர்டீனுக்குச் சென்று, அங்கே திறந்தவெளியில் நிறுத்தியிருந்த டாங்கிகளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து வந்தவர். வெளியுருவம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் பெரிது. 2025-ஆம் ஆண்டு, தம் 90-ஆம் வயதில் அவர் மறைந்தார். வாங்கியவர்கள் வெளியுருவத்தைக் கேட்டார்கள். அவர் அதைக் கொடுத்தார். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டவர்கள் அப்போது மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவன் நம் தோட்டத்துப் பள்ளியில் இருந்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

கேட்டாலும் பதில் சுலபமாகக் கிடைப்பதில்லை. வெளியே இருப்பதை ஒரு புகைப்படம் காட்டிவிடும். உள்ளே இருட்டு, இடம் இல்லை, சண்டை நடக்கும்போது அங்கே யார் படம் எடுப்பது? அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். இங்கிலாந்தில் பாவிங்டன் என்ற ஊரில் டாங்கிகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. பிரிட்டனுக்கு முதலில் வந்த ஷெர்மன், 'மைக்கேல்' என்று பெயர் எழுதியது, அங்கே இருக்கிறது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்ட ஜெர்மன் டைகர் டாங்கியும் அங்கே இருக்கிறது. ஆனால் பொதுவாக அருங்காட்சியகத்து டாங்கி நல்ல சாட்சி என்று சொல்ல முடியாது. போர் முடிந்ததும் குண்டு அடுக்குகளைக் கழற்றிவிட்ட வண்டிகள் ஏராளம். வேறு நாட்டுப் படைகளுக்கு விற்கப்பட்டு, அங்கே உள்ளே எல்லாம் மாற்றி அமைக்கப்பட்டவை இன்னும் அதிகம். வாடகைக்கு விட்ட வீட்டைப் பத்துக் குடும்பம் இருந்த பிறகு பார்த்து, முதலில் கட்டியவன் சாமி மேடையை எங்கே வைத்தான் என்று தேடுவது போன்றதுதான்.

அடுத்த சாட்சி, படையினர் கையில் கொடுத்த புத்தகம். எந்தக் குண்டு எந்தப் பெட்டியில், தண்ணீர்க் குடுவை எங்கே, உதிரிக் கண்ணாடி எங்கே என்று படம் போட்டுக் காட்டும் புத்தகங்கள் அவை. பிடிபட்ட அந்த டைகரைப் பிரிட்டிஷ் பொறியாளர்கள் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி எழுதிய அறிக்கையும் இருக்கிறது. டைகரில் 92 குண்டுகள். அவற்றிலும் பெரும்பாலானவை பக்கச் சுவரோரம்தான் இருந்தன. மாதிரி செய்கிறவர்களுக்கு இத்தகைய ஏடுகள் வேதம் போல.

ஆனால் ஏடு சொல்வதும் முழு உண்மை அல்ல. ஏடு 90 என்று சொல்லும். உயிருக்குப் பயந்த மனிதன் அதோடு நிறுத்துவானா? குண்டு தீர்ந்துபோவதை நினைத்துப் பயந்தவர்கள், கிடைத்த இடத்திலெல்லாம் கூடுதல் குண்டுகளைத் தரையில் கிடத்தி வைத்தார்கள். அந்தக் கூடுதல் குண்டே பலருக்கு எமனாகவும் ஆயிற்று. அப்படியானால் மாதிரியில் எதை வைப்பது? ஏட்டில் உள்ளதையா, வீரர்கள் வைத்ததையா? இதில் நான் வீரர்களின் பக்கம். ஏடு என்பது மேலிடத்தின் விருப்பம். வண்டிக்குள் கிடந்ததுதான் நடந்த கதை.

வேறொரு தொல்லையும் உண்டு. பிளாஸ்டிக் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் என்று வையுங்கள். 35-ஆல் பெருக்கினால் 50 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. உண்மை ஷெர்மனின் பக்கச்சுவரோ 38. அதாவது பொம்மையின் சுவர் உண்மைச் சுவரைவிடக் கனம். ஆகவே உள்ளறை உண்மையைவிடச் சிறியது. குண்டுப் பெட்டியின் மெல்லிய தகட்டை 35-இல் ஒரு பங்காகச் செய்தால் காகிதத்தைவிட மெல்லியதாகிவிடும். பிளாஸ்டிக்கில் அது முடியாது. அதனால் பெட்டிகள் தடிமனாகும். 90 குண்டுக்கு இடம் போதாது. எங்கேனும் சிலவற்றைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான குண்டு ஒவ்வொன்றையும் வர்ணம் தீட்டி அடுக்குகிறவர்களுக்கு இது தெரியும்.

வர்ணத்திலும் தவறு நடக்கும். குண்டு முழுவதையும் பொன் நிறத்தில் பூசிவிடுவார்கள். பித்தளைக் கூடு மட்டும்தான் அந்த நிறம். அமெரிக்கக் குண்டில், இரும்பைத் துளைக்கும் வகைக்குத் தலை கறுப்பு; வெடித்துச் சிதறும் வகைக்குக் கரும்பச்சை; புகை கிளப்புவதற்குச் சாம்பல். இருட்டிலும் அவசரத்திலும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த நிறங்கள். ஷெர்மனின் உட்சுவரோ வெள்ளை. இருட்டறையில் கொஞ்சம் வெளிச்சம் சேர்க்கத்தான் அந்த வெள்ளை.

ஏறக்குறைய 2010-க்குப் பிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது. ஹாங்காங், சீனா, உக்ரேன் ஆகிய இடங்களிலிருந்து, உள்ளறை முழுவதும் அடங்கிய மாதிரிப் பெட்டிகள் வருகின்றன. உக்ரேனின் கீவ் நகரத்து மினியார்ட் நிறுவனம் இதில் பேர் பெற்றது. நாற்காலி, வானொலி, இயந்திரம், குண்டு அடுக்கு எல்லாம் உள்ளே வரும். ஆயிரம் துண்டுகளைத் தாண்டும் பெட்டிகளும் உண்டு. விலையும் அதற்கேற்றபடிதான், தோட்டத்துப் பிள்ளைக்கு எளிதில் எட்டக்கூடியதல்ல.

சென்ற ஆண்டு அந்தப் பையன் என் வீட்டுக்கு வந்திருந்தான். பையன் என்று நான்தான் சொல்கிறேன்; அவனுக்கு இப்போது பேரன் இருக்கிறான். பட்டணத்தில் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே பஞ்சு வைத்து ஒரு ஷெர்மன். பழைய வகைப் பெட்டிதான், உள்ளே ஒன்றும் இல்லாமல் வந்தது. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை வெட்டித் திண்ணைக்கு அடித்தரை போட்டிருந்தான். அதே மூடியில் அடுக்குகள் செய்து, வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று என்று வைத்திருந்தான். குண்டுகள் பல்குத்தும் குச்சியைச் சீவிச் செய்தவை. தலை கறுப்பும் கரும்பச்சையுமாக இருந்தது.

கோபுரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், குண்டு போடுபவரின் இருக்கை, சுவரோரம் நின்ற குண்டுகள். தரையில் எதுவும் இல்லை.

"எத்தனை?" என்று கேட்டேன்.

"எழுபத்தாறு, சார். தொண்ணூறு வைக்க இடம் வரவில்லை. தரையில் கூடுதலாகக் கிடத்தி வைப்பார்கள் என்று படித்தேன். அதையும் வைக்கலாமா என்று உங்களைக் கேட்கத்தான் கொண்டுவந்தேன்" என்றான்.

"வை" என்றேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய புட்டியை எடுத்தான். முன்பே செய்து கொண்டுவந்திருக்கிறான். ஆறு குண்டுகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, குண்டு போடுபவரின் இருக்கைக்குக் கீழே படுக்க வைத்தான். கோபுரத்தை மூடினான். ஆனால் ஒட்டவில்லை.